உண்ணிக்கொக்கு காலடியில் கிடப்பதை விட்டுவிட்டு ஓடுவது ஏன்?

வயலோரம் | செவ்வாய், காலை 9.40

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. சம்பாவுக்காக நேற்றுத் தொழி உழவு ஓட்டினோம். வண்டிக்காரர் டிராக்டரை ஓட்டுகிறார், நான் வரப்பில் சும்மா நிற்கிறேன். வேறு வேலை இல்லாததால் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது நாற்பது இருக்கும், எல்லாம் உண்ணிக்கொக்கு. அதில் ஒன்றுக்கு இடது காலில் நடுவிரல் மடங்கிப் போயிருந்தது. அடையாளம் கிடைத்துவிட்டதால் அதன் மேலேயே கண்ணை வைத்தேன்.

வண்டி ஓடுகிறவரை அது சக்கரத்துக்கு நாலடி பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. சேறு புரளும்போது வெளியே வருகிற பிள்ளைப்பூச்சி, தவளைக்குஞ்சு, இவைதான் அதற்கு வேண்டும். காலடியில் சிலந்தியும் நீர்வண்டும் எறும்புக்கூட்டம் போல மிதந்து கிடக்கின்றன, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தரை மணிக்கு வண்டிக்காரர் டீ குடிக்க இறங்கினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அதே கொக்கு வரப்பின் ஓரமாக வந்து, சற்று முன் மிதித்துக்கொண்டு போன அதே சிலந்திகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. வண்டி மறுபடி கிளம்பியதும் பொறுக்குவதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தின் பின்னால் போய்விட்டது.

வயிறு நிறைந்ததால் சிறியதை விட்டது என்று சொல்ல முடியாது, பெரியதைத் தின்றுகொண்டுதானே இருந்தது. பசியால் பொறுக்கியது என்றும் சொல்ல முடியாது, அப்போதுதான் ஐந்தாறு பிள்ளைப்பூச்சியை விழுங்கியிருந்தது. பிறகு எதற்கு இந்தப் போக்கு? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: பேர் உண்ணிக்கொக்கு. மாட்டின் மேல் உட்கார்ந்து உண்ணியைத் தின்னும் என்று சிறுவயதிலிருந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் மாட்டின் மேல் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறது. உண்ணி குறைந்தபாடில்லை.

---

பந்திக்கு முந்தி | செவ்வாய், காலை 10.05

கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில் யாராவது மோர்சாதத்துக்குக் கை நீட்டுவார்களா? பாயச வாளி அடுத்த வரிசைக்குப் போய்விட்டால் மோர்சாதமும் இனிக்கும். கொக்குக்கும் அதே கதைதான். ஆராய்ச்சி முடிந்தது, இழையை மூடலாம்.

---

பழைய வாத்தியார் | செவ்வாய், பிற்பகல் 2.30

மூட வேண்டாம். நண்பர் வேடிக்கையாகச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் சுவையானது.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் நான். வயலோரம் தம்பி பார்த்ததை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தவர்கள் உண்டு. ஆக்ஸ்போர்டில் ஜான் கிரெப்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1977-இல் வெளியிட்ட சோதனை அது. நம் ஊர்ப் பட்டாணிக்குருவிக்கு ஐரோப்பாவில் ஓர் உறவுக்காரக் குருவி உண்டு. அதைக் கூண்டில் விட்டு, கூண்டுக்கு வெளியே ஓர் ஓடும் பட்டையை அமைத்தார்கள். விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மாவுப்புழுத் துண்டுகள் வரும். சில பெரியவை, சில அதில் பாதி. கூண்டில் இருந்த சிறு திறப்பு வழியாக ஒவ்வொரு துண்டும் அரை வினாடிதான் குருவியின் கண்ணில் படும். எடுப்பதா விடுவதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய துண்டும் சிறிய துண்டும் எப்போதாவது வந்தபோது குருவி இரண்டையும் எடுத்தது. பெரிய துண்டுகள் அடிக்கடி வரத் தொடங்கியதும் சிறியதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. இதுவரை பாயசக் கதைதான். அடுத்து ஆய்வாளர்கள் பெரியதன் வரத்தை அப்படியே வைத்துக்கொண்டு சிறிய துண்டுகளை மட்டும் வெகுவாகப் பெருக்கினார்கள். பட்டை முழுக்கச் சிறியதாகவே வருகிறது. குருவி அப்போதும் அவற்றை விட்டது.

காரணம் நேரம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் கற்பனை, புரிவதற்காக மட்டும். பிள்ளைப்பூச்சி ஒன்றைப் பிடித்து, உதறி, விழுங்க 5 வினாடி. கிடைக்கும் சத்து 20 பங்கு. சிலந்திக்கு 2 வினாடி, 4 பங்கு. டிராக்டர் ஓடும்போது நாலு வினாடிக்கு ஒரு பிள்ளைப்பூச்சி வெளிவருகிறது என்றால், தேட 4, தின்ன 5, ஆக 9 வினாடியில் 20 பங்கு. வினாடிக்கு 2.2. சிலந்தியோ அலகில் இருக்கும் வினாடிக்கு 2 பங்குதான் தரும். சிலந்திக்காகக் குனியும் ஒவ்வொரு முறையும் கொக்கு நஷ்டப்படுகிறது. வண்டி நின்று, முப்பது வினாடிக்கு ஒரு பிள்ளைப்பூச்சி என்று ஆகிவிட்டால்? 35 வினாடியில் 20 பங்கு, வினாடிக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல். இப்போது அதே சிலந்தியின் 2 பங்கு பெரிய வரவு.

இந்தக் கணக்கில் சிலந்தி எத்தனை கிடந்தது என்ற எண்ணே வரவில்லை பாருங்கள். சிறியதைத் தொடுவதா வேண்டாமா என்பதைப் பெரியதன் வரத்து மட்டுமே தீர்மானிக்கிறது. தம்பியின் கொக்கு மிதக்கும் சிலந்திக் கூட்டத்தின் நடுவே ஓடியது அதனால்தான்.

உண்ணி விஷயம்: அந்தப் பேரை வைத்தவர்கள் மாட்டையும் கொக்கையும் சேர்த்துப் பார்த்து வைத்துவிட்டார்கள். எப்போதாவது உண்ணி, ஈ எடுக்கும், பொய்யில்லை. ஆனால் அதன் வயிற்றை நிரப்புவது வெட்டுக்கிளியும் தவளையும். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிக்காகத்தான் மாட்டோடு போகிறது. மாட்டோடு மேயும் கொக்கு தனியாக மேயும் கொக்கைவிடக் குறைந்த அடி வைத்து அதிக இரை பிடிக்கிறது என்று 1960-களிலேயே எண்ணிப் பார்த்துவிட்டார்கள். டிராக்டர் அதற்கு இன்னும் பெரிய மாடு.

---

கொன்றை | செவ்வாய், இரவு 8.15

> *சிலந்திக்காகக் குனியும் ஒவ்வொரு முறையும் கொக்கு நஷ்டப்படுகிறது.*

ஐயா மன்னிக்க வேண்டும். எனக்கு இந்தக் கணக்குப் பேச்சே உறுத்துகிறது. கொக்கு லாப நஷ்டம் பார்க்கிறது, வகுத்தல் போடுகிறது என்றெல்லாம் நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். இன்னும் எளிய விளக்கம் ஒன்று உண்டு. அது பிள்ளைப்பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தது, அதனால் சிலந்தி அதன் கண்ணில் படவே இல்லை. வீட்டுச் சாவியைத் தேடும்போது மேசை மேல் இருக்கும் கண்ணாடி நமக்குத் தெரிவதில்லையே, அது மாதிரி.

இதற்கும் ஆராய்ச்சி ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் லூக் டின்பெர்கன் என்பவர் பைன் காடுகளில் இதே வகைக் குருவி குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் புழுக்களைக் கணக்கெடுத்தார். அவர் இறந்த பிறகு 1960-இல் வெளியானது. ஒரு வகைப் புழு காட்டில் புதிதாகத் தலைகாட்டும்போது குருவிகள் சில நாள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பிறகு திடீரென்று அதையே கொண்டுவந்து குவிக்கின்றன. சில முறை தற்செயலாகக் கிடைத்ததும் அந்தப் புழுவின் உருவம் கண்ணில் பதிந்துவிடுகிறது, அதன்பின் அந்த உருவத்தையே தேடுகிறது என்றார் அவர். தேடல் உருவம் என்று அதைச் சொல்லலாம்.

1979-இல் அமெரிக்காவில் பீட்ரெவிச்சும் காமிலும் நீலச் ஜே என்ற பறவைக்கு மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் அந்துப்பூச்சியின் படங்களைத் திரையில் காட்டினார்கள். பூச்சி இருக்கும் படத்தைக் கொத்தினால் பரிசு. ஒரே வகைப் பூச்சியைத் தொடர்ந்து காட்டியபோது பறவை வரவரத் தேறியது. இரண்டு வகையைக் கலந்து காட்டியபோது தேறவில்லை. ஒரு நேரத்தில் ஓர் உருவம்தான் மனதில் நிற்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆக, கொக்கு சிலந்தியை வேண்டாம் என்று விடவில்லை. பார்க்கவே இல்லை.

---

பழைய வாத்தியார் | செவ்வாய், இரவு 9.50

நல்ல கேள்வி, அம்மா. இரண்டு பதில்.

கொக்கு வகுத்தல் போடுகிறது என்று நான் சொல்லவில்லை. டீக்கடையில் ஒரு முழ உயரத்தில் இருந்து சொட்டுச் சிந்தாமல் ஆற்றுகிறாரே, அவர் ஈர்ப்பு விசைக்குச் சமன்பாடு எழுதியா ஆற்றுகிறார்? கை பழகியிருக்கிறது. ‘கொஞ்ச நேரத்துக்கு முன் பெரியது கிடைத்ததா? அப்படியானால் சிறியதை விடு’ என்ற ஒரே ஒரு பழக்கம் போதும், கணக்குப் போட்ட மாதிரியே நடந்துகொள்ளலாம். அப்படிப் பழகிய கொக்கு கூடுதலாகத் தின்றது, கூடுதலாகக் குஞ்சு வளர்த்தது.

பழக்கம் என்பதால்தான் பிசகும் வருகிறது. கிரெப்ஸின் குருவிகள்கூடச் சிறியதை அறவே விட்டுவிடவில்லை. கணக்குப்படி ஒன்றுகூட எடுத்திருக்கக் கூடாத நேரத்தில் அவ்வப்போது எடுத்தன.

தேடல் உருவம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பூச்சிகள் எல்லாம் பட்டையோடு பட்டையாக ஒளிந்திருப்பவை. பழுப்புச் சேற்றுத் தண்ணீரில் கறுப்பாக மிதக்கும் சிலந்திக்கு அது பொருந்துமா? இதைத் தீர்க்க ஒரே வழி, கொக்கு சிலந்தியைப் பார்த்ததா என்று பார்ப்பதுதான். வயலோரம் தம்பிக்கு இன்னும் உழவு பாக்கி இருக்கிறதா?

---

வயலோரம் | செவ்வாய், இரவு 10.20

இருக்கிறது ஐயா. மேற்குப் பக்கம் இரண்டு மா பாக்கி. வியாழக்கிழமை வண்டி வருகிறது.

---

அலைவாய்க்கரை | புதன், காலை 7.30

கோடியக்கரையில் வலசைப் பறவைகளைப் பார்க்கப் போகிறவன் நான். வாத்தியார் ஐயாவின் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன்.

சிவப்புக்கால் உள்ளான் ஒன்று இருக்கிறது, ரெட்ஷாங்க் என்பார்கள். குளிர்காலத்தில் நம் கரைக்கும் வரும். பிரிட்டனின் சேற்றுக் கழிமுகங்களில் காஸ்-கஸ்டார்ட் என்பவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புழுக்கள் மட்டும் இருந்த இடத்தில் அது வாத்தியார் சொன்னபடியே நடந்தது. பெரிய புழு நிறைய இருந்தால் சிறிய புழுவை விட்டது. ஆனால் அதே சேற்றில் கோரோபியம் என்று அரிசியளவுக்கு ஒரு சிறு கூனிவகை உயிரி இருந்தால், புழுவை விட்டுவிட்டு அதையே தேடித் தின்றது. புழு தின்றால் நிமிடத்துக்குக் கிடைக்கும் சத்து அதிகம், இருந்தும் கூனிதான். 1977-இல் இதை எழுதினார். கலோரிக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இந்த உள்ளான்தான்.

அதே கடற்கரை வகையில் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிற பறவையும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் ஒரு காகம் கடல்நத்தையைத் தூக்கிக்கொண்டு மேலே பறந்து பாறையில் போட்டு உடைக்கும். ரெட்டோ ஜாக் என்பவர் 1970-களில் கூடவே இருந்து பார்த்தார். காகம் பெரிய நத்தையைத்தான் எடுக்கும், ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் இருந்துதான் போடும். அவர் தாமே நத்தைகளைப் பல உயரங்களில் இருந்து போட்டுப் பார்த்தார். பெரியது சீக்கிரம் உடைகிறது. 5 மீட்டருக்கு மேலே போனாலும் உடைவது அதிகம் கூடவில்லை, ஏறும் உழைப்புத்தான் வீண். ஐந்து முறை போட்டும் உடையாத நத்தை ஆறாவது முறை உடைய எவ்வளவு வாய்ப்போ, புது நத்தைக்கும் அவ்வளவே. அதனால் காகம் எடுத்ததை மாற்றாமல் அதையே போட்டுக்கொண்டிருக்கிறது.

நான் வேடிக்கை பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது நாரை. மஞ்சள் மூக்கு நாரை கலங்கல் தண்ணீரில் அலகைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே நடக்கும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்கிறது. இதன் அமெரிக்க உறவான மர நாரையில் அளந்தபோது 25 மில்லி வினாடியில் அலகு மூடியது. அதற்குள் எந்த மீன், எவ்வளவு பெரியது என்று தேர்ந்தெடுக்க முடியாது. அது செய்கிற ஒரே தேர்வு, எந்தத் தண்ணீரில் இறங்குவது என்பதுதான். அதைக் காலையில் கூட்டை விட்டுக் கிளம்பும்போதே செய்துவிடுகிறது.

---

முண்டு மிளகாய் | புதன், காலை 11.10

படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு சம்சாரியின் கேள்வி. நான் ராமநாதபுரம் மாவட்டம், முண்டு போடுகிறவன். பழுத்த மிளகாயைக் கிளி கொத்திக்கொண்டு போகிறது. வீட்டில் ஒரு மாடு தவறுதலாக மேய்ந்தால் எச்சில் ஒழுக நிற்கிறது. கிளிக்குக் காரம் தெரியாதா, தெரிந்தே தின்கிறதா?

---

கொன்றை | புதன், நண்பகல் 12.40

தெரியாது, ஐயா. மிளகாயின் காரம் நாக்குச் சுவை இல்லை, சூடு பட்டதாக நரம்பு நம்பும் ஏமாற்று. பாலூட்டிகளின் நரம்பில் சூட்டை உணரும் ஒரு புரதம் உண்டு, மிளகாயின் கேப்சைசின் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. பறவைக்கும் அந்தப் புரதம் இருக்கிறது, சூட்டையும் உணர்கிறது, ஆனால் கேப்சைசின் அதில் ஒட்டுவதில்லை. கோழியின் புரதத்தை எடுத்து ஜோர்ட்டும் ஜூலியஸும் 2002-இல் இதைக் காட்டினார்கள். ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த உணர்வு ஆராய்ச்சிக்குத்தான்.

மிளகாய்ச் செடிக்கு இதில் ஆதாயம் உண்டு. அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்து டியூக்ஸ்பரியும் நபானும் 2001-இல் காட்டியது: எலி வகைகள் மென்று தின்றால் விதை முளைப்பதில்லை. பறவை விழுங்கி எச்சமிட்டால் முளைக்கிறது. மென்று அழிப்பவனை விரட்டிவிட்டு, விழுங்கித் தூவுபவனுக்குப் பந்தி போடுகிறது செடி.

---

முண்டு மிளகாய் | புதன், பிற்பகல் 1.05

நன்றி அம்மா. ஆனால் என் கிளி விழுங்குவதில்லை. பழத்தைக் காலில் பிடித்துக்கொண்டு, தோலைக் கிழித்துப் போட்டுவிட்டு, விதையைத்தான் அலகில் உருட்டி உடைத்துத் தின்கிறது. செடியடியில் வெறும் தோல் கிடக்கிறது. செடி விரட்ட நினைத்த எலியும் இந்தக் கிளியும் ஒன்றுதான்.

---

கொன்றை | புதன், பிற்பகல் 1.20

ஆமாம். அது நான் யோசிக்காதது. கிளிக்குக் காரமும் தெரியாது, விதையையும் விடாது. செடி மைனாவுக்கும் கொண்டலாத்திக்கும் போட்ட இலையில் கிளி வந்து உட்கார்ந்துவிட்டது.

*(திருத்தம்: கொண்டைக்குருவி என்று இருக்க வேண்டும். கொண்டலாத்தி பூச்சி தின்பது. எத்தனை முறை குழப்பிக்கொண்டாலும் திருந்தமாட்டேன்.)*

---

மாடித்தோட்டம் | புதன், மாலை 5.45

எல்லாரும் பறவை தனக்குத் தின்பதையே பேசுகிறீர்கள். வீட்டில் சமைக்கிறவளுக்கு முதலில் தோன்றுவது வேறு. பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது?

எங்கள் மாடியில் மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறது. நான் கம்பும் நொய்யும் வைக்கிறேன். ஆணும் பெண்ணும் வந்து வயிறாரத் தின்னும். குஞ்சு பொரித்த அன்றிலிருந்து தட்டில் ஒரு வாய் தின்றுவிட்டு, நேரே அவரைப் பந்தலுக்குப் போய்விடுகின்றன. இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பச்சைப் புழுவாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போகின்றன. ஒரு தடவைகூடக் கம்பை எடுத்துப்போய்ப் பார்க்கவில்லை. தட்டு பக்கத்தில், புழு தூரத்தில். பெற்றவர்களுக்குத் தானியம், பிள்ளைக்கு மட்டும் புழு. சதை வளர வேண்டுமே, கம்பில் அது போதாது.

அவரைப் பந்தலில் நான் மருந்து அடிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. பக்கத்து மாடியில் அடிக்கிறார்கள். அங்கேயும் தானியத் தட்டு உண்டு, கூடு மட்டும் இல்லை. அதனால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன்.

---

பழைய வாத்தியார் | புதன், இரவு 8.30

மாடித்தோட்டம் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கூட்டுக்குக் கொண்டுபோவது என்று வந்துவிட்டால் கணக்கே மாறுகிறது. போகவர நேரம் உண்டு, அலகு ஒன்றுதான். பிரான்சின் தெற்கே பஞ்சுருட்டான் வகை ஒன்றைக் கிரெப்ஸும் ஏவரியும் கவனித்தபோது, பெற்றவை சிறு பூச்சியைத் தாமே தின்றுவிட்டு, தும்பி போன்ற பெரியதைக் குஞ்சுக்குக் கொண்டுபோயின. ஒரு சிறு ஈக்காக அவ்வளவு தூரம் பறப்பது கட்டுபடியாகாது. சந்தைக்குப் பத்து மைல் நடக்கிறவர் கால்படி உப்புக்காக நடப்பாரா?

உள்ளான் கூனி தின்றதற்கும் குருவி புழு எடுத்ததற்கும் பக்கத்தில் இன்னொரு வகை உண்டு. நெதர்லாந்தில் அமில மழையால் மண்ணில் சுண்ணாம்பு குறைந்து, காட்டு நத்தைகள் அருகின. முட்டையிடும் காலத்தில் குருவிகள் நத்தையோட்டைத் தேடித் தின்பவை. ஓடு கிடைக்காமல் தோல் மெலிந்த முட்டைகள் இட்டன, சில ஓடே இல்லாமல். 1990-களில் கிராவ்லாந்து என்பவர் இதைத் துலக்கினார். மக்கள் உல்லாசமாகச் சாப்பிட வந்து கோழிமுட்டை ஓட்டை எறிந்துவிட்டுப் போகும் இடங்களுக்குப் பக்கத்தில் இருந்த குருவிகளுக்கு மட்டும் அந்தக் குறை அவ்வளவாக இல்லை. நத்தையோட்டில் கலோரி என்று ஒன்றுமே கிடையாது.

---

மாடித்தோட்டம் | புதன், இரவு 8.50

நாளையிலிருந்து முட்டை ஓட்டைப் பொடித்து வைக்கிறேன், ஐயா. இதுவரை ரோஜாத் தொட்டிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

---

பந்திக்கு முந்தி | வியாழன், காலை 6.15

வயலோரம் அண்ணா, வண்டி வந்துவிட்டதா? ஊரே காத்திருக்கிறது.

---

வயலோரம் | வியாழன், இரவு 9.10

வந்தது, முடிந்தது. இப்போதுதான் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். வாத்தியார் ஐயா சொன்னபடி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மடங்கிய விரல்காரன் வந்திருந்தான். ஆணா பெண்ணா தெரியாது, பழகிவிட்டதால் ‘ன்’ போடுகிறேன்.

முதலில் கொன்றை அம்மாவின் கேள்வி. சிலந்தியைப் பார்த்ததா இல்லையா? உண்ணிக்கொக்கு இரையைக் கொத்தும் முன் ஒரு காரியம் செய்யும். உடம்பு அசையாமல் நிற்கும், கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி இடமும் வலமும் ஆட்டும். தூரத்தைக் குறிபார்க்கிறது போல. பிறகு ஒரே குத்து. இன்று வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, அவன் மிதக்கும் ஒரு சிலந்தியின் மேல் கழுத்தை ஆட்டத் தொடங்கியதை மூன்று தடவை பார்த்தேன். இரண்டு தடவை பாதி ஆட்டத்தில் நிறுத்திவிட்டுச் சக்கரத்துப் பக்கம் ஓடிவிட்டான். மூன்றாவது தடவை கொத்திவிட்டான். ஆகப் பார்க்கிறான். பார்த்துவிட்டுத்தான் விடுகிறான், எப்போதாவது விட மறந்துவிடுகிறான்.

இரண்டாவது நான் எதிர்பார்க்காதது. வண்டி ஓடும்போது எல்லாக் கொக்கும் சிலந்தியை விடுகிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் ஏழெட்டுதான் நிற்க முடிகிறது. பின்னால் வருவதை முன்னால் இருப்பது அலகைக் காட்டி விரட்டுகிறது. பின்வரிசைக் கொக்குகள் வண்டி ஓடும்போதும் சிலந்தி பொறுக்கிக்கொண்டுதான் இருந்தன. ஒரே வயல், ஒரே வண்டி, பத்தடி இடைவெளி. முன்வரிசைக்கு ஒரு சாப்பாடு, பின்வரிசைக்கு வேறு.

---

பந்திக்கு முந்தி | வியாழன், இரவு 9.20

என் பேரை நான் சும்மா வைக்கவில்லை.

---

கொன்றை | வியாழன், இரவு 9.45

கழுத்தை ஆட்டிவிட்டு நிறுத்தினான் என்றால் நான் தோற்றேன், மகிழ்ச்சியாகவே. பார்க்கவில்லை என்பது போய்விட்டது.

ஆனால் வாத்தியார் ஐயா, பின்வரிசை உங்கள் கணக்கில் எங்கே வருகிறது? அவற்றுக்கும் பிள்ளைப்பூச்சி கண்ணுக்குத் தெரிகிறதே.

---

பழைய வாத்தியார் | வியாழன், இரவு 10.15

தெரிவது வேறு, எட்டுவது வேறு. முன்வரிசைக்கு நாலு வினாடிக்கு ஒன்று என்றால் பின்வரிசைக்கு அரை நிமிடத்துக்கு ஒன்றுகூட மிஞ்சாது. அந்தக் கொக்கைப் பொறுத்தவரை வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. ஆக அது சிலந்தி எடுப்பதுதான் சரி. ஒரு வயலுக்கு ஒரு வரத்து என்று நான் எழுதியதுதான் தவறு. கொக்குக்குக் கொக்கு வரத்து வேறு. வகுப்பில் முப்பது ஆண்டுகள் அப்படியே நடத்திவிட்டேன், ஒரு பையனும் கேட்கவில்லை.

---

முண்டு மிளகாய் | வெள்ளி, காலை 5.50

எங்கள் பக்கம் உழும்போது கரிச்சானும் வரும். கொக்கின் வாயிலிருந்தே பறிக்கும். உங்கள் வயலில் வரவில்லையா?

---

வயலோரம் | வெள்ளி, காலை 6.30

வந்தது. மின்கம்பியில் இரண்டு உட்கார்ந்திருந்தன. வண்டி ஓடும்போது கொக்குக் கிளப்பிவிட்ட பூச்சியைத்தான் காற்றில் பிடித்தன. ஒரே ஒரு தடவை மடங்கிய விரல்காரன் பெரிய பிள்ளைப்பூச்சி ஒன்றை விழுங்க முடியாமல் வரப்பில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். கரிச்சான் அவன் தலைமேல் இறங்கிக் கத்தியது. அவன் பூச்சியைக் கீழே போட்டான். கரிச்சான் எடுத்துக்கொண்டு கம்பிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் பெரியதாக எது கிடைத்தாலும் வரப்புக்குக் கொண்டுவராமல் கூட்டத்துக்கு நடுவிலேயே நின்று விழுங்கினான். நான் பார்த்தவரை நாலு தடவை.

எங்கள் வயல் முடிந்தது. சனிக்கிழமை பக்கத்து வயலில் தொழி. வண்டி காலை ஏழு மணிக்கு. வரப்பில் நிற்கலாம், நில உரிமையாளர் ஒன்றும் சொல்லமாட்டார். வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.